சிறிய பி.ஆர். நிறுவனத்தை அமர்த்தும் முன்: அங்கே வேலை செய்பவர்களின் பின்னணியைப் படிப்பது எப்படி?

முதன்முறையாக ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தை, அதாவது பி.ஆர். நிறுவனத்தை அமர்த்தப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று சிறிய நிறுவனங்களிடம் பேசியாகிவிட்டது. எல்லோரும் திட்டம் எழுதி அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே வாக்கியங்கள், அதே வாக்குறுதிகள். இந்த நிலையில் பலரும் முதலில் பார்ப்பது கிளையன்ட் லோகோக்கள் வரிசையாக இருக்கும் பக்கத்தை, அடுத்து கட்டணத்தை. 'எங்கள் குழு' என்ற பக்கத்தில் இருக்கும் ஐந்தாறு முகங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன். ஐந்தாறு பேர் கொண்ட பி.ஆர். நிறுவனத்திடம் விற்பதற்கு வேறு சரக்கு கிடையாது. அவர்களுடைய நேரம், அவர்கள் பழகிய தொழில், அவர்களுக்குத் தெரிந்த மனிதர்கள், அவசரத்தில் அவர்கள் எடுக்கும் முடிவு, இவற்றுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். பெரிய நிறுவனத்தில் ஒருவருக்குத் தெரியாததை அடுத்த அறையில் இருப்பவர் செய்துவிடுவார். இங்கே அடுத்த அறை இல்லை. அந்த ஐந்தாறு பேர் இதற்கு முன் என்ன வேலை பார்த்தார்கள் என்று தெரிந்தாலே அந்த நிறுவனத்தால் எது முடியும், எது முடியாது என்பது பெரும்பாலும் புரிந்துவிடும்.

படி 1: உங்கள் தேவையை முதலில் எழுதுங்கள்

அவர்களைப் பற்றிப் படிப்பதற்கு முன் உங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதிக்கொள்ளுங்கள். 'எங்களுக்கு பி.ஆர். வேண்டும்' என்பது தேவை ஆகாது. புதிய மருந்தைப் பற்றி மருத்துவச் செய்தி எழுதுபவர்களிடம் விளக்க வேண்டுமா? ஆலையில் ஒரு விபத்து நடந்து, அதைப் பற்றித் தினமும் கேள்வி வருகிறதா? உரிமம் தரும் அரசுத் துறைக்கு உங்கள் தரப்பைச் சொல்ல வேண்டுமா? ஊழியர்களிடமே நிர்வாகத்தின் மேல் நம்பிக்கை குறைந்துவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கைப்பழக்கம் உள்ள ஆள் வேண்டும். அடுத்த ஒரு வருடத்தில் நடக்க வேண்டிய இரண்டு விஷயங்களையும், நடந்துவிடுமோ என்று நீங்கள் பயப்படும் ஒரு விஷயத்தையும் எழுதி வையுங்கள். போதும்.

படி 2: அடைமொழிகளை அடித்துவிட்டுப் படியுங்கள்

அறிமுகக் குறிப்பைத் தாளில் அச்செடுத்து, கையில் பேனாவோடு உட்காருங்கள். இப்படி ஒரு குறிப்பு இருக்கும்: 'தகவல் தொடர்புத் துறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் கொண்ட முன்னணி வியூக வல்லுநர். பல புகழ்பெற்ற நிறுவனங்களின் வளர்ச்சியில் முக்கியப் பங்காற்றியவர். கதை சொல்வதில் தீராத ஆர்வம் உடையவர்.' இதில் 'முன்னணி', 'புகழ்பெற்ற', 'முக்கிய', 'தீராத' எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பது 'இருபது ஆண்டுகள்' மட்டும்தான். எங்கே இருந்தார், என்ன செய்தார், யாரிடம் வேலை கற்றார் என்று ஒன்றுமே இல்லை.

இன்னொரு குறிப்பைப் பாருங்கள்: 'நாளிதழ் ஒன்றில் 6 ஆண்டுகள் சுகாதாரச் செய்தியாளர், பிறகு ஒரு மருத்துவமனையில் 4 ஆண்டுகள் செய்தித் தொடர்பாளர், கடந்த 3 ஆண்டுகளாக இங்கே, மருத்துவம் சார்ந்த கிளையன்ட்களைக் கவனிக்கிறார்.' இதில் அடிப்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. கேள்வி கேட்கும் பக்கத்திலும் இருந்திருக்கிறார், பதில் சொல்லும் பக்கத்திலும் இருந்திருக்கிறார். மருத்துவர்கள் பேசும் மொழியை வாசகர்களுக்குப் புரியும்படி மாற்றி எழுதிப் பழகியவர். நோயாளியின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றே வரியில் இவ்வளவு தெரிகிறது.

ஆகவே ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் மூன்று குறிப்புகள் எழுதுங்கள்: முன்பு எங்கே, என்ன வேலை, எத்தனை வருடம். குறிப்பில் இல்லாததைக் காலியாக விட்டுவைத்து, நேரில் கேளுங்கள்.

படி 3: எந்தப் பின்னணி எதைக் கொண்டுவரும்?

இதுதான் முக்கியமான பகுதி. கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

சிறிய பி.ஆர். நிறுவனங்களில் அதிகம் பார்க்கக்கூடியவர்கள் முன்னாள் பத்திரிகையாளர்கள். இந்தத் தொழிலே பத்திரிகை அலுவலகத்திலிருந்து புறப்பட்டு வந்ததுதான். அமெரிக்காவில் இதைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான ஐவி லீ, நியூயார்க் நாளிதழ்களில் நிருபராக இருந்தவர். பிரிட்டனில் 1924இல் 'எடிட்டோரியல் சர்வீசஸ்' நிறுவனத்தைத் தொடங்கிய பேசில் கிளார்க், முதல் உலகப் போரை நேரில் பார்த்து எழுதிய 'டெய்லி மெயில்' செய்தியாளர். 1952இல் சிகாகோவில் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கிய டேனியல் எடெல்மேன் விளையாட்டு நிருபராக இருந்தவர். பின்னாளில் பர்சன்-மார்ஸ்டெல்லர் பி.ஆர். நிறுவனத்தைத் தொடங்கிய ஹெரால்ட் பர்சன், நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணை பற்றி அமெரிக்க ராணுவ வானொலிக்காகச் செய்தி சேகரித்தவர்.

பத்திரிகையாளர் கொண்டுவருவது எது? பலரும் நினைப்பது போல 'எல்லாப் பத்திரிகையிலும் ஆள் தெரியும்' என்பது அதில் சின்னப் பகுதிதான். தெரிந்த ஆட்கள் வேலை மாறுவார்கள், பீட் (அதாவது செய்தி சேகரிக்கும் துறை) மாறுவார்கள், ஓய்வு பெறுவார்கள். அலுவலகத்தை விட்டு எட்டு வருடம் ஆனவருடைய தொலைபேசிப் பட்டியலில் பாதி பழசாகியிருக்கும். ஆனால் எது செய்தி, எது செய்தி இல்லை என்ற உணர்வு அவ்வளவு சீக்கிரம் போகாது. ஒரு செய்திக்குறிப்பைப் பார்த்ததும், காலைக் கூட்டத்தில் செய்தி ஆசிரியர் என்ன கேட்பார் என்று அவருக்குத் தெரியும். மாலையில் பக்கம் முடியும் நேரத்தில் நிருபரைக் கூப்பிடக் கூடாது என்று தெரியும். 'இதை அனுப்பாதீர்கள், ஒருவரும் போட மாட்டார்கள்' என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குச் சம்பளம் தரலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. செய்தியை மூடி மறைத்தால் என்ன ஆகும் என்பதை மறுபக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். 1906இல் அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து ரயில் தண்ணீரில் விழுந்து 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் காலத்து ரயில் நிறுவனங்கள் விபத்து நடந்தால் நிருபர்களைப் பக்கத்திலேயே விடமாட்டார்கள். பென்சில்வேனியா ரயில் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ அதற்கு நேர்மாறாகச் செய்தார். நடந்ததை எழுத்தில் கொடுத்தார், நிருபர்களைச் சம்பவ இடத்துக்கே வரவழைத்தார். தகவல் கிடைக்காத நிருபர் எங்கே போய் விசாரிப்பார், என்ன எழுதுவார் என்பது நிருபராக இருந்தவருக்குத் தெரியாதா என்ன?

'முன்னாள் பத்திரிகையாளர்' என்று போட்டிருந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். எந்தப் பத்திரிகையாளர் என்று கேளுங்கள். நிருபருக்கு ஆட்களைத் தெரியும், தகவலைத் தோண்டத் தெரியும். உதவி ஆசிரியராக, செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் இருந்தவருக்குச் சுருக்கத் தெரியும், தலைப்பு வைக்கத் தெரியும், பிழை கண்ணில் படும்; தொடர்புகள் குறைவாக இருக்கலாம். தொலைக்காட்சித் தயாரிப்பாளராக இருந்தவர், காட்சி இல்லாத செய்தி செய்தியே இல்லை என்று யோசிப்பார். உங்கள் நிர்வாக இயக்குநரைக் கேமரா முன் உட்காரவைக்க அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். விளையாட்டுப் பக்கத்தில் பத்து வருடம் இருந்தவர் வங்கித் துறைக் கிளையன்ட்டைக் கவனிக்கிறார் என்றால், அந்தத் துறையை எப்படிக் கற்றுக்கொண்டார் என்று தாராளமாகக் கேட்கலாம்.

பத்திரிகையாளர்களிடம் பொதுவாகக் குறைவது இரண்டு. ஒன்று, நீண்ட காலத் திட்டம். அன்றன்றைக்கு வேலையை முடித்துப் பழகியவர்களுக்கு ஒரு வருடத்துக்கான அட்டவணை போடுவது புதிய பழக்கம். இரண்டு, எதற்கும் ஊடகத்தையே தீர்வாகப் பார்ப்பது. உங்கள் பிரச்சினை ஊழியர்களிடமோ பக்கத்துக் குடியிருப்புக்காரர்களிடமோ இருந்தால், நாளிதழில் நல்ல கட்டுரை வந்து பயனில்லை.

அடுத்து விளம்பர நிறுவனத்திலிருந்து வந்தவர்கள். இவர்கள் கேட்கும் முதல் கேள்வியே 'யாரிடம் சொல்லப் போகிறோம்?' என்பதாக இருக்கும். பட்ஜெட், கால அட்டவணை, ஒப்புதல் வாங்குவது, படமும் சொல்லும் சேர்ந்து நிற்பது எல்லாம் இவர்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் விளம்பரத்தில் காசு கொடுத்தால் இடம் உங்களுடையது. நீங்கள் கொடுத்த வரி அப்படியே வரும். செய்தியில் எதுவுமே உங்கள் கையில் இல்லை. இந்த மாற்றத்தைப் பழகிக்கொள்ளாதவர், நிருபர் எழுதிய கட்டுரையை 'வெளியிடும் முன் எங்களுக்கு அனுப்புங்கள்' என்று கேட்டு உறவைக் கெடுத்துவிடுவார். விளம்பரத்திலிருந்து வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்பதை அவசியம் கவனியுங்கள்.

மூன்றாவது வகை, ஏதாவது ஒரு நிறுவனத்துக்குள்ளேயே மக்கள் தொடர்பு அதிகாரியாகவோ (பி.ஆர்.ஓ.) செய்தித் தொடர்பாளராகவோ இருந்து வந்தவர்கள். என் பார்வையில், அறிமுகக் குறிப்புகளில் மதிப்புக் குறைவாகப் பார்க்கப்படுபவர்கள் இவர்கள்தான். பெரிய பத்திரிகைப் பெயர் இருக்காது, விருது இருக்காது. ஆனால் ஒரு அறிக்கை வெளியே போவதற்கு முன் சட்டப்பிரிவு, நிதிப்பிரிவு, தலைமை அலுவலகம் என்று எத்தனை மேசை தாண்டவேண்டும் என்பது இவர்களுக்குத்தான் தெரியும். தலைவரின் அறைக்குள் போய் 'இதைச் சொல்லக் கூடாது' என்று சொல்லிப் பழகியவர்கள். 1982இல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலிநிவாரணிக் காப்ஸ்யூல்களில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தபோது, அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது; ஊடகங்களிடம் ஒளிக்காமல் பேசியது. அப்போது அங்கே மக்கள் தொடர்புக்குப் பொறுப்பாக இருந்த லாரன்ஸ் ஃபாஸ்டர் முதலில் நாளிதழ்க்காரர். அதற்கப்புறம் அந்த நிறுவனத்துக்குள்ளேயே நெடுங்காலம் இருந்து தலைமையின் நம்பிக்கையைப் பெற்றவர். செய்தியும் தெரிந்து, நிறுவனத்தின் உள்வேலையும் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் அவரை உங்கள் வேலைக்குக் கேட்டு வாங்குங்கள்.

அரசுப் பணியிலிருந்தோ அரசியலிலிருந்தோ வந்தவர்கள் இருந்தால், கோப்பு எப்படி நகரும், எந்தக் கேள்விக்கு எந்த அதிகாரி பதில் சொல்லக்கூடியவர் என்று சொல்வார்கள். நல்லது. ஆனால் பணியை விட்டு எத்தனை காலம் ஆயிற்று, முன்பு பார்த்த துறையோடு தொழில்முறையில் பேச விதிகள் இடம் தருகின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'எனக்கு அங்கே எல்லோரையும் தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். பின்னால் பிரச்சினை வந்தால் செய்தியில் வரப்போவது உங்கள் பெயர்.

மருத்துவம், சட்டம், பொறியியல், அறிவியல் படித்து இந்தத் துறைக்கு வந்தவர்களைச் சில இடங்களில் பார்க்கலாம். உங்கள் தொழில் சிக்கலானதாக இருந்தால் இப்படி ஒருவர் இருப்பது பெரிய பலம்; அடிப்படையிலிருந்து விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள், சமூக ஊடகம் பார்ப்பவர்கள், வீடியோ எடுப்பவர்கள் எல்லோரும் தேவையைப் பொறுத்து வருபவர்கள். அவர்களுடைய வேலை கண்ணுக்குத் தெரியும், பார்த்தே முடிவு செய்துவிடலாம்.

இந்தத் துறையையே கல்லூரியில் படித்து வந்த இளைஞர்களைச் சிலர் 'அனுபவம் இல்லை' என்று ஒதுக்குகிறார்கள். அது நியாயம் இல்லை. 1923இலேயே இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான எட்வர்ட் பெர்னேஸ் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இதைப் பாடமாக நடத்தினார். இன்று ஆய்வு, அளவீடு, தொழில் நெறி எல்லாம் முறையாகக் கற்றுத்தரப்படுகின்றன. கணக்கு வைத்து, காரணம் காட்டித் திட்டம் போடும் பழக்கம் பழைய பத்திரிகைக்காரர்களைவிட இவர்களிடமே அதிகம். தினமும் உங்களிடம் பேசப்போவதும் பெரும்பாலும் இவர்களில் ஒருவர்தான்.

படி 4: ஐந்து பேரையும் சேர்த்துப் பாருங்கள்

தனித்தனியாக எல்லோரும் திறமைசாலிகளாக இருக்கலாம். ஐந்து பேரும் ஒரே மாதிரித் திறமைசாலிகளாக இருந்தால் உங்களுக்குச் சிக்கல். நிலைத்து நின்ற பழைய நிறுவனங்கள் பலவற்றின் தொடக்கத்தைப் பார்த்தால் இது புரியும். நிருபராக இருந்த ஜான் ஹில் 1927இல் தனியாக ஒரு பி.ஆர். நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு அவரோடு சேர்ந்த டான் நோல்டன் ஒரு வங்கியின் விளம்பரத்தையும் பத்திரிகைத் தொடர்பையும் கவனித்தவர். செய்தியாளரான பர்சன் 1953இல் கைகோத்தது பில் மார்ஸ்டெல்லர் என்ற விளம்பரக்காரரோடு. பெர்னேஸின் நிறுவனத்தில் பாதிக்குப் பாதி பங்காளியான டோரிஸ் ஃப்ளைஷ்மன், 'நியூயார்க் டிரிபியூன்' நாளிதழில் எழுதிக்கொண்டிருந்தவர். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது.

ஒரு தாளை எடுத்து இடது பக்கம் வேலைகளை எழுதுங்கள்: செய்தி எழுதுவது, ஊடகங்களிடம் பேசுவது, வருடத் திட்டம் போடுவது, நெருக்கடி வந்தால் முன்னால் நிற்பது, படம் மற்றும் வீடியோ, பலனை அளப்பது, கணக்கும் பில்லும் பார்ப்பது. வலது பக்கம் பெயர்களை நிரப்புங்கள். ஒரே பெயர் ஐந்து இடத்தில் வந்தால் அவர்தான் நிறுவனம், மற்றவர்கள் உதவியாளர்கள். அவர் விடுமுறையில் போனால் உங்கள் வேலையும் விடுமுறையில் போகும். எந்த வேலைக்கு எதிரே பெயரே இல்லையோ, அதைப் பற்றித்தான் நேரில் முதலில் கேட்க வேண்டும்.

பெரும்பாலும் காலியாக இருக்கும் இடம், பலனை அளப்பது. 'கவரேஜ் எவ்வளவு வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். வந்த செய்தியின் நீள அகலத்தை அளந்து, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவோ அதைப் பெருக்கி, 'இவ்வளவு மதிப்புள்ள செய்தி வாங்கிக் கொடுத்தோம்' என்று அறிக்கை தரும் வழக்கம் இந்தத் துறையில் ரொம்ப நாளாக இருந்தது. பி.ஆர். பலனை அளப்பதற்காக 2010இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட பார்சிலோனா கோட்பாடுகள், அது மக்கள் தொடர்பின் மதிப்பு அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. இன்னும் அதே கணக்கைக் காட்டுகிறார்கள் என்றால், அளவீடு தெரிந்த ஆள் அங்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: சொன்னதைச் சரிபாருங்கள்

இது யாரையும் சந்தேகப்படுவதாகாது. நல்ல நிறுவனங்கள் இதை எதிர்பார்க்கவே செய்யும். பத்திரிகையாளராக இருந்தேன் என்பவரின் பெயரில் வந்த கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். நாலு கட்டுரை படித்தாலே கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். லிங்க்ட்இன் பக்கத்தில் இருக்கும் வருடங்களும் நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கும் வருடங்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தொழில் அமைப்பில் உறுப்பினர் என்று போட்டிருந்தால் அந்த அமைப்பிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உறுப்பினராக இருப்பது வேறு, தேர்வு எழுதித் தகுதி பெறுவது வேறு. அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கம் 1964 முதல் தேர்வு வைத்து அங்கீகாரம் தருகிறது. பிரிட்டனின் மக்கள் தொடர்பு அமைப்புக்கு 2005இல் அரச சாசனம், அதாவது முடியாட்சியின் முறையான அங்கீகாரம் கிடைத்தது. இப்படித் தகுதி பெற்றவர்கள் நெறிமுறைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள், மீறினால் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது என்பதே அதன் பயன்.

கிளையன்ட் பட்டியலில் ஒரு விஷயத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு பெரிய பெயர் இருந்தால், அந்த வேலையை இந்த நிறுவனம் செய்ததா அல்லது குழுவில் ஒருவர் முன்பு வேலை பார்த்த பெரிய நிறுவனம் செய்ததா? இரண்டாவதாக இருந்தாலும் தப்பில்லை. ஆனால் அங்கே முப்பது பேர் செய்த வேலையில் இவர் பங்கு எது என்று கேட்க வேண்டும். உண்மையாகச் செய்தவர் 'பிரஸ் மீட்டை நான் பார்த்தேன், வியூகம் என் மேலதிகாரியுடையது' என்று பிரித்துச் சொல்வார். எல்லாவற்றையும் தானே செய்ததாகச் சொல்பவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

பக்கத்தின் கடைசியில் 'ஆலோசகர்' என்று ஓரிரு பெரியவர்களின் படம் இருக்கும். அவர்கள் மாதம் எத்தனை மணி நேரம் வருகிறார்கள், உங்கள் வேலையைப் பார்ப்பார்களா என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள்.

முன்னாள் கிளையன்ட் ஒருவரிடமும் பேசுங்கள். 'நன்றாகச் செய்தார்களா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்பார்கள். 'தினமும் உங்களிடம் பேசியது யார்? கெட்ட செய்தியை உங்களிடம் முதலில் சொன்னது யார்?' என்று கேளுங்கள். பெயர்கள் வரும். அந்தப் பெயர்கள் இப்போதும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

படி 6: நேரில் சந்திக்கும்போது

நிறுவனர் மட்டும் வந்து அழகாகப் பேசிவிட்டுப் போவது வழக்கம். 'எங்கள் வேலையை அன்றாடம் பார்க்கப்போகிறவரும் வரட்டும்' என்று முன்பே சொல்லிவிடுங்கள். வந்த பிறகு அவரைப் பேச விடுங்கள்.

நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. உங்கள் நிறுவனத்தைப் பற்றி நீங்களே எழுதிய ஒரு பத்தியைக் கையோடு கொண்டுபோங்கள். உதாரணமாக: 'எங்கள் நிறுவனம் அதிநவீனத் தொழில்நுட்பத்தில் புதிய குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தை அறிமுகப்படுத்துவதில் பெருமை கொள்கிறது.' அதை மேசையில் வைத்து, 'இதை என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். அப்புறம் யார் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

டெஸ்க்கில் இருந்தவர் பேனாவை எடுத்து 'அதிநவீன'த்தையும் 'பெருமை'யையும் அடித்துவிட்டு, 'மணிக்கு எத்தனை லிட்டர்? பழைய இயந்திரத்தைவிட எவ்வளவு மிச்சம்? யார் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, போய்ப் பார்க்கலாமா?' என்பார். விளம்பரத்திலிருந்து வந்தவர், 'இதை வாங்கப்போவது வீடுகளா, பள்ளிக்கூடங்களா?' என்று தொடங்குவார். நிறுவனத்துக்குள் இருந்து வந்தவர், 'தண்ணீர்த் தரத்துக்குச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? உங்கள் வக்கீல் இதைப் பார்த்துவிட்டாரா?' என்பார். புதிதாகப் படித்து வந்தவர், 'இதனால் எது மாறினால் வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம்?' என்று கேட்கலாம். இந்த நாலு கேள்வியும் ஒரே மேசையில் எழுந்தால் அந்தக் குழு உங்களுக்கு உதவும். 'அருமையாக இருக்கிறது சார், எல்லாப் பத்திரிகையிலும் போட்டுவிடலாம்' என்று மட்டும் பதில் வந்தால், அறிமுகப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, வேறு இடம் பாருங்கள்.

அதே சந்திப்பில், 'எந்தக் கிளையன்ட்டை வேண்டாம் என்று சொன்னீர்கள்?' என்றும் கேளுங்கள். பெயர் சொல்ல வேண்டாம், காரணம் சொன்னால் போதும்.

படி 7: பெரிய பின்னணி மட்டும் போதாது

மினுக்கும் பின்னணியைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது என்பதற்கு பெல் பாட்டிஞ்சர் என்ற லண்டன் பி.ஆர். நிறுவனம் நினைவில் இருக்க வேண்டிய பெயர். பிரிட்டனில் தேர்தல் விளம்பரங்களால் புகழ்பெற்ற டிம் பெல் நிறுவனர்களில் ஒருவர். அனுபவத்துக்கோ தொடர்புக்கோ குறைவே இல்லாத நிறுவனம். தென்னாப்பிரிக்காவில் இனப் பகையைக் கிளறும் விதத்தில் ஒரு கிளையன்ட்டுக்காக நடத்திய பிரசாரத்துக்காக 2017 செப்டம்பரில் பிரிட்டனின் பி.ஆர். தொழில் அமைப்பு அதை வெளியேற்றியது. சில நாட்களிலேயே நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. இதில் எனக்குக் கவலை தருவது அங்கே இருந்த சாதாரண ஊழியர்களும், அதே சமயத்தில் அங்கே வேலை கொடுத்திருந்த மற்ற கிளையன்ட்களும்தான். அவர்கள் செய்யாத தப்பு அவர்கள் மேலும் ஒட்டிக்கொண்டது.

எனவே சில அறிகுறிகள் தெரிந்தால் பின்வாங்கிவிடுங்கள். இன்ன பத்திரிகையில் இன்ன தேதியில் செய்தி வரும் என்று உத்தரவாதம் தருவது. குழுவில் ஒருவர் இன்னமும் ஒரு செய்தி நிறுவனத்தில் வேலையில் இருந்துகொண்டே இங்கேயும் இருப்பது; அவர் உங்களைப் பற்றி எழுதும் செய்தி தெரியவந்தால் இருவருக்குமே அவமானம். போலிப் பெயரில் விமர்சனம் எழுதித் தருகிறோம் என்பது. இவற்றுக்கு இரண்டாவது சந்திப்பு தேவையில்லை.

படி 8: பெயர்களை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

பிடித்துப்போய் ரீடெய்னர் ஒப்பந்தம் (மாதாமாதம் கட்டணம் கொடுக்கும் தொடர் ஒப்பந்தம்) போடும்போது, உங்கள் வேலையைப் பார்க்கப்போகிறவர்களின் பெயர்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். மாதம் யார் எத்தனை மணி நேரம், அவர் விலகினால் எத்தனை நாளுக்கு முன் உங்களுக்குத் தெரிவிப்பார்கள், பதிலுக்கு வருபவரை நீங்கள் சந்தித்த பிறகுதான் மாற்றம், நெருக்கடி என்றால் இரவில் யார் போனை எடுப்பார்கள்: இவை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் போட்டியாளருக்கு வேலை செய்ய மாட்டார்கள் என்பதும் இருக்கட்டும். ஐந்து பேர் உள்ள இடத்தில் அந்த ரகசியத்தைக் காக்கத் தனி அறை கிடையாது.

மூன்று மாதம் கழித்து, நாலாவது படியில் எழுதிய தாளை மறுபடி எடுங்கள். இடது பக்க வேலைகளை உண்மையில் யார் செய்கிறார்கள் என்று வேறு மையில் எழுதி, அவர்களிடமே காட்டிப் பேசுங்கள். புதிதாக யாராவது சேர்ந்திருந்தால் அவருக்கு ஓர் அரைநாள் ஒதுக்கி, உங்கள் தொழில் நடக்கும் இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய், அங்கே வேலை செய்பவர்களிடம் அவரே கேள்வி கேட்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.